“வியாழக்கிழமை வந்துடுங்க” என்று போனில் சொன்னார்கள், எங்கே என்று கேட்காமல் வைத்துவிட்டேன்: இப்போது என்ன செய்வது?

கேள்வி இதுதான்: “அக்கா, டிப்ளமோ மெக்கானிக்கல் முடிச்சு ஒரு வருஷம் ஆச்சு. ஊர் விருதுநகர் பக்கம். நேத்து மத்தியானம் பஸ்ல போயிட்டு இருந்தப்ப ஒரு மேடம் கூப்பிட்டு, வியாழக்கிழமை இன்டர்வியூ, சிப்காட்டுக்கு வந்துடுங்கன்னு சொன்னாங்க. பதட்டத்துல ‘ஓகே மேடம், ஓகே மேடம்’னே சொல்லிட்டு வச்சுட்டேன். கம்பெனி பேரு சரியா காதுல விழல. திரும்பக் கூப்பிட்டா தப்பா நினைப்பாங்களா? சம்பளம் எவ்வளவுன்னு போன்லயே கேக்கலாமா? அவங்க இங்கிலீஷ்ல பேசுனா நானும் இங்கிலீஷ்லதான் பேசணுமா?”

தம்பி, மிச்சத்தை அப்புறம் படித்துக்கொள்ளலாம். முதலில் அந்த எண்ணைத் திரும்பக் கூப்பிடுங்கள். காலை 10.30-லிருந்து 12.30-க்குள், இல்லையென்றால் மதியம் 3-லிருந்து 5-க்குள். சாப்பாட்டு நேரத்திலும் ஆறு மணிக்கு மேலும் வேண்டாம்.

பெயரைச் சொல்லிவிட்டு இப்படிப் பேசினால் போதும்: “வணக்கம் மேடம், விருதுநகர்ல இருந்து பேசுறேன், டிப்ளமோ மெக்கானிக்கல். நேத்து மத்தியானம் வியாழக்கிழமை இன்டர்வியூன்னு கூப்பிட்டிருந்தீங்க. பஸ்ல இருந்ததால கம்பெனி பேரும் இடமும் சரியா கேக்கல. இன்னொரு தடவை சொன்னீங்கன்னா எழுதிக்கிறேன்.” பெயர், படிப்பு, ஊர் மூன்றும் முதல் மூச்சிலேயே வந்துவிட வேண்டும். “நேத்து பேசுனேனே மேடம், நான்தான்” என்று ஆரம்பித்தால் அந்தப் பக்கம் ஒன்றும் விளங்காது. உங்களுக்கு அது அந்த மாதத்தின் ஒரே அழைப்பு. அவருக்கு அன்றைய நாற்பதாவது அழைப்பு.

தப்பாக நினைப்பார்களா என்று கேட்டீர்கள். நான் பதினான்கு வருடமாக இந்த வேலைதான் பார்க்கிறேன். முதலில் அம்பத்தூர் பக்கம், கம்பெனிகளுக்கு ஆள் எடுத்துக்கொடுக்கும் ஒரு கன்சல்டன்சியில், இப்போது ஒரு தொழிற்சாலையின் எச்.ஆரில். திரும்பக் கூப்பிட்டு இடம் கேட்ட ஒருவரையும் நான் தப்பாக நினைத்ததில்லை. ஏன் என்று புரிய வேண்டுமானால் போனுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும்.

அங்கே ஒரு எக்செல் ஷீட் திறந்திருக்கும். பெயர், போன் நம்பர், படிப்பு, இப்போதைய சம்பளம், எதிர்பார்க்கிற சம்பளம், எத்தனை நாளில் சேர முடியும், கடைசியில் ‘ரிமார்க்ஸ்’. மணி அடித்தும் நீங்கள் எடுக்கவில்லை என்றால் அந்தக் கடைசிக் கட்டத்தில் ‘ஆர்.என்.ஆர்.’ என்று போடுவோம். ரிங்கிங், நோ ரெஸ்பான்ஸ். அப்புறம் பேசுகிறேன் என்றால் ‘கால் பேக்’. வருகிறேன் என்றால் ‘லைன்-அப்’. சாயங்காலம் மேனேஜர் வந்து கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: “நாளைக்கு எத்தனை லைன்-அப்? அதுல எத்தனை பேர் நிஜமா வருவாங்க?” முப்பது பேரை வரச்சொல்லி, உற்பத்திப் பிரிவிலிருந்து இரண்டு பொறியாளர்களை வேலையை விட்டுவிட்டு வந்து உட்காரச் சொல்லி, பன்னிரண்டு பேர் மட்டும் வந்தால் வாங்கிக் கட்டிக்கொள்வது கூப்பிட்டவர்தான். அவர் பயப்படுவது ‘நோ ஷோ’ ஒன்றுக்குத்தான், அதாவது வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போவதற்கு.

அதனால் உங்கள் குரலில் நாங்கள் தேடுவது அறிவையோ அடக்கத்தையோ அல்ல. இந்த ஆள் வருவாரா, மாட்டாரா? அவ்வளவுதான். “ஓகே மேடம், ஓகே மேடம், ஓகே மேடம்” என்று கேட்டாலே நான் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிடுவேன். அப்படிச் சொல்பவர்களில் பலர் வருவதில்லை என்பது அனுபவம். “மேடம், தாம்பரத்துல இறங்குனா எந்த பஸ்?” என்று கேட்கிறவர் பக்கத்தில் டிக். கேள்வி கேட்டால் திமிர் என்று எடுத்துக்கொள்வார்கள் என நீங்கள் நினைத்தது தலைகீழ்.

இப்போது இடம். இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போகிறேன், ஏனென்றால் இதில்தான் ஆட்கள் அதிகம் கோட்டை விடுகிறார்கள்.

“சிப்காட்டுக்கு வந்துடுங்க” என்றாராம். எந்த சிப்காட்? தொழிற்சாலைகளுக்கு வளாகம் அமைத்துக்கொடுக்க 1971-ல் தொடங்கிய தமிழக அரசு நிறுவனம் அது. மாநிலம் முழுக்க வளாகங்கள் வைத்திருக்கிறது. சென்னையைச் சுற்றி மட்டுமே சிறுசேரி, இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், கும்மிடிப்பூண்டி. வெளியே ராணிப்பேட்டை, ஓசூர், பெருந்துறை, நிலக்கோட்டை, கங்கைகொண்டான் என்று போய்க்கொண்டே இருக்கும். சிறுசேரி என்றால் ஐ.டி. கம்பெனிகள், ஓ.எம்.ஆர். என்கிற பழைய மகாபலிபுரம் சாலையின் தெற்குக் கோடி. கும்மிடிப்பூண்டி என்றால் ஆந்திர எல்லை. உள்ளூர்க்காரருக்கு அவர் வேலை பார்க்கும் சிப்காட்தான் சிப்காட். அதைத் தாண்டி அவர் யோசிக்க மாட்டார். ‘டைடல் பார்க்’ என்கிற ஐ.டி. வளாகத்தின் கதையும் இப்படித்தான் ஆகிவிட்டது. 2000-ல் தரமணியில் திறந்தபோது ஒன்றுதான். இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறது, பட்டாபிராமில் இருக்கிறது, விழுப்புரத்திலும் தஞ்சாவூரிலும் சேலத்திலும் சின்ன டைடல்கள் வந்துவிட்டன.

இதில் நானே ஒரு பாவம் பண்ணியிருக்கிறேன். அப்போது நான் ஆள் எடுத்துக்கொடுத்த கம்பெனிக்கு இரண்டு யூனிட். ஒன்று ஸ்ரீபெரும்புதூரில், இன்னொன்று ஒரகடத்தில். கம்பெனி பெயரை மட்டும் சொல்லி, “மேப்ல போட்டா வந்துடும்” என்று ஒரு பையனிடம் சொல்லிவிட்டேன். மேப்பில் போட்டான், வந்தது. ஒரகடம் யூனிட் வந்தது. இன்டர்வியூ நடந்ததோ ஸ்ரீபெரும்புதூரில். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து விடிகாலை கிளம்பி வந்தவன், ஒரகடம் கேட்டில் செக்யூரிட்டியிடம் முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறான். என்னைக் கூப்பிட்டபோது நான் வேறு அழைப்பில் இருந்தேன். அவன் ஷேர் ஆட்டோ பிடித்து, பஸ் மாறி ஸ்ரீபெரும்புதூர் வந்து சேர்ந்தபோது இன்டர்வியூ எடுக்கும் பேனல் சாப்பிடப் போய்விட்டது. அன்றைக்கு அவனை உட்காரவைத்து மூன்று மணிக்கு இன்டர்வியூ வாங்கிக்கொடுத்தேன், அது வேறு விஷயம். ஆனால் அன்றிலிருந்து யூனிட் பெயரையும் கேட் எண்ணையும் சொல்லாமல் நான் போனை வைப்பதில்லை. எல்லா எச்.ஆரும் அப்படி இருக்க மாட்டார்கள். நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்: எந்த ஊர், எந்த யூனிட், எந்த கேட், கேட்டில் யார் பெயரைச் சொல்ல வேண்டும்.

அந்தக் கடைசி விஷயம் சின்னதாகத் தெரியும். தொழிற்சாலை கேட்டில் முதல் கேள்வியே “யாரைப் பாக்கணும்?” என்பதுதான். “இன்டர்வியூ” என்று மட்டும் சொன்னால் “எந்த டிபார்ட்மென்ட், யார் வரச்சொன்னது?” என்பார்கள். பெயர் இருந்தால் இன்டர்காமில் கேட்டு, நோட்டில் கையெழுத்து வாங்கி, உங்கள் போன் கேமரா மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி உள்ளே விடுவார்கள். பெயர் இல்லையென்றால் வேப்பமரத்தடிதான்.

இடம் தெரிந்ததும் அங்கே எப்படிப் போவது என்பதை அந்த அழைப்பிலேயே மனதுக்குள் ஓட்டிப்பாருங்கள். நீங்கள் விருதுநகர். ராத்திரி ரயில் என்றால் நெல்லையோ பொதிகையோ பிடித்து காலையில் தாம்பரத்தில் இறங்கலாம். எழும்பூர் வரை போய்த் திரும்புவது வீண். பஸ் என்றால், 2023 டிசம்பர் கடைசியில் திறந்த கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தில்தான் தென்மாவட்டப் பேருந்துகள் நிற்கும். கோயம்பேட்டில் இறங்கலாம் என்று பழைய கணக்கில் திட்டம் போடாதீர்கள். ஒரகடம் என்றால் தாம்பரத்திலிருந்து படப்பை வழியாகக் காஞ்சிபுரம் போகிற பஸ்கள் அந்தப் பக்கம்தான் போகின்றன. சிறுசேரி என்றால் வேறு திசை. கும்மிடிப்பூண்டி என்றால் சென்னையையே தாண்டி வடக்கே போய், புறநகர் ரயிலில் உட்கார வேண்டும். 9 மணி இன்டர்வியூ என்று சொல்லி, இடம் கும்மிடிப்பூண்டி என்றால், உங்கள் ரயில் எத்தனை மணிக்கு வந்து சேரும் என்று கணக்குப் போட்டுவிட்டு, “மேடம், நான் விருதுநகர்ல இருந்து வர்றேன், 11 மணிக்கு மேல ஸ்லாட் கிடைக்குமா?” என்று கேட்கலாம். தள்ளித்தான் கொடுப்போம். கேட்காமல் 11 மணிக்கு வந்து நின்றால்தான் சிக்கல்.

நாளும் நேரமும் இரண்டாவது கண்ணி. நம் பேச்சில் ‘வர்ற வியாழன்’ என்பது சிலருக்கு இந்த வாரம், சிலருக்கு அடுத்த வாரம். ‘நாளன்னைக்கு’ என்று சொல்லும்போது சொல்பவர் ஒரு நாளையும் கேட்பவர் இன்னொரு நாளையும் எண்ணியதை நான் பார்த்திருக்கிறேன். கிழமையோடு தேதியையும் சேர்த்துத் திருப்பிச் சொல்லுங்கள். நேரத்தையும் அப்படியே. சிக்னல் விட்டுவிட்டு வரும் போனில் ‘பத்து’, ‘பத்தரை’ இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கும். “பத்து முப்பதா மேடம்?” என்று கேட்டால் தீர்ந்தது. திருப்பிச் சொல்லும்போது அந்தப் பக்கம் அவரும் ஷீட்டைப் பார்த்துச் சரிபார்ப்பார். “இல்ல இல்ல, வியாழன் கிடையாது, வெள்ளி” என்று அவரே திருத்திய அழைப்புகள் எத்தனையோ.

எழுதிக்கொள்ள நேரம் கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். “ஒரு நிமிஷம் மேடம், பேனா எடுத்துக்கிறேன்.” இந்த வரியைக் கேட்டால் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம், நிஜமாக. பேனா இல்லையா, போனை ஸ்பீக்கரில் போட்டு நோட்ஸில் தட்டுங்கள். அதற்கும் வழியில்லாத பஸ் நெரிசலில் இருந்தால், “பஸ்ல இருக்கேன் மேடம், சரியா கேக்கல. பத்து நிமிஷத்துல நானே கூப்பிடுறேன். இதே நம்பருக்குக் கூப்பிடலாமா?” என்று கேளுங்கள். கடைசிக் கேள்வி முக்கியம். பல கன்சல்டன்சிகளில் பொது எண் ஒன்றிலிருந்துதான் அழைப்பு போகும், திரும்ப அடித்தால் யாருக்கும் போய்ச்சேராது, அல்லது பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் யாரோ எடுத்து “யாருங்க?” என்பார்கள். கூப்பிட்டவரின் பெயரையும் நேரடி எண்ணையும் வாங்கிக்கொண்டு வையுங்கள். பைக்கில் போய்க்கொண்டிருந்தால் ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிப் பேசவே வேண்டாம். ஓரம் கட்டுங்கள், இல்லை அடிக்கவிட்டு நின்றபின் கூப்பிடுங்கள். ஒரு ஆர்.என்.ஆரால் யார் வேலையும் போனதில்லை. ஆனால் தவறவிட்டதைப் பார்த்ததும் கூப்பிடுங்கள். மிஸ்டு கால் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள்.

விண்ணப்பித்திருக்கும் நாட்களில் போனைக் கொஞ்சம் தயாராக வைத்திருக்க வேண்டும். தெரியாத எண்களை மௌனமாக்கும் வசதி ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். நல்ல வாய்ப்புகள் அங்கேதான் புதைகின்றன. 140 என்று தொடங்கும் எண் விளம்பர அழைப்பு, அதை விட்டுவிடலாம். வேலைக்கான அழைப்பு பெரும்பாலும் சாதாரண பத்து இலக்கக் கைபேசியிலிருந்தோ 044 போன்ற லேண்ட்லைனிலிருந்தோதான் வரும். ரெஸ்யூமில் மாற்று எண்ணாக அப்பாவுடைய எண்ணைக் கொடுத்திருந்தால் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். ஒரு தடவை நான் கூப்பிட்டபோது அப்பா எடுத்தார். “அவன் தூங்குறான்மா. ராத்திரி பூரா போனையே நோண்டிட்டுக் கெடந்தான். நீங்க யாரு, என்ன கம்பெனி, என்ன சம்பளம் தருவீங்க?” என்று எனக்கு இன்டர்வியூ எடுத்துவிட்டார். நல்ல மனிதர்தான். பையனை எழுப்பித்தான் கொடுக்கவில்லை.

சில சமயம் “வியாழக்கிழமை வாங்க” என்பதற்கு முன்னாலேயே “இப்ப ரெண்டு கேள்வி கேக்கலாமா?” என்பார்கள். வெர்னியர் காலிபரில் லீஸ்ட் கவுன்ட் எவ்வளவு, காலேஜில் என்ன புராஜெக்ட், ஷிஃப்ட் பார்ப்பீர்களா, இந்த மாதிரி. அழைப்பு போலத் தெரிந்தாலும் அது முதல் சுற்று. அமைதியான இடத்தில் இருந்தால் பேசிவிடுங்கள். இல்லையென்றால் பதினைந்து நிமிடம் கேளுங்கள். அந்தக் கால் மணி நேரம் கேட்டவரை யாரும் தள்ளியதாக எனக்கு நினைவில்லை. சந்தைக்கு நடுவில் நின்றுகொண்டு தப்பாகப் பதில் சொன்னவர்களைத் தள்ளியிருக்கிறேன்.

தேதி ஒத்துவரவில்லை என்றால் மாற்றிக் கேட்கலாம். காரணத்தை நீட்ட வேண்டாம். “வியாழன் வேற வேலை இருக்கு மேடம், வெள்ளி இல்லன்னா சனி முடியுமா?” போதும். இரண்டு நாள் நீங்களே கொடுத்துவிட்டால் அவருக்கு வேலை சுலபம். தயவுசெய்து பாட்டியைச் சாகடிக்காதீர்கள். என் ஷீட்டில் ஒரே பையனின் பாட்டி ஒரே வருடத்தில் மூன்று தடவை இறந்திருக்கிறார்.

சம்பளம். போனிலேயே கேட்கலாம், ஆனால் முதல் கேள்வியாக இல்லை. வேலை என்ன, எங்கே, எப்போது என்பதெல்லாம் முடிந்தபின், “ஊர்ல இருந்து வர்றதால கேக்குறேன் மேடம், சம்பளம் தோராயமா எவ்வளவு இருக்கும்?” என்று கேளுங்கள். ராத்திரி முழுக்கப் பயணம் செய்து, ஆயிரம் ரூபாய் செலவழித்து வந்தபின் “இவ்வளவுதானா” என்று திரும்புவது உங்களுக்கும் நஷ்டம், எங்களுக்கும் நஷ்டம். பதில் ஒரு எண்ணாக வந்தால் அதோடு விடாமல், அது சி.டி.சி.யா (உங்களுக்காகக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு), கிராஸா (பிடித்தத்துக்கு முந்தைய சம்பளம்), கையில் வருவதா என்று கேளுங்கள்.

இந்த மூன்றுக்கும் நடுவே எவ்வளவு போகும் என்று ஒரு கணக்குப் பார்ப்போம். கிராஸ் சம்பளம் மாதம் 18,000, அதில் பி.எஃப். பிடிக்கும் சம்பளம் 12,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பங்கு பி.எஃப். 12 சதவீதம், 1,440. கிராஸ் 21,000-க்குள் இருப்பதால் இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் மருத்துவக் காப்பீடு உண்டு, உங்கள் பங்கு 0.75 சதவீதம், 135. ஆக கையில் 16,425. இதே சம்பளத்தோடு கம்பெனி தன் பங்காகக் கட்டும் பி.எஃப். 1,440, இ.எஸ்.ஐ. 3.25 சதவீதமான 585 இரண்டையும் கூட்டினால் 20,025. போனில் “இருபதாயிரம் சி.டி.சி.” என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை, நீங்கள் எண்ணப்போவது பதினாறே முக்கால்கூட இல்லை. கேன்டீன், கம்பெனி பஸ் என்று பிடித்தம் இருந்தால் இன்னும் குறையும். தங்கும் இடம் கொடுப்பார்களா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். ஒரகடம் பக்கம் வாடகையைப் பங்குபோட்டுத் தங்குகிற பையன்களுக்கு அதுதான் பெரிய வித்தியாசம்.

சம்பளத்தைவிட நான் முக்கியமாக நினைப்பது இன்னொரு கேள்வி: “இது கம்பெனி ரோலா, கான்ட்ராக்டா, அப்ரண்டிஸா?” கம்பெனி ரோல் என்றால் கம்பெனியே நேரடியாக வேலைக்கு எடுப்பது. டிப்ளமோ முடித்தவர்களுக்கு வரும் அழைப்புகளில் இதை யாரும் தாமாகச் சொல்வதில்லை. 1961-ஆம் வருட அப்ரண்டிஸ் சட்டப்படி எடுத்தால் கிடைப்பது சம்பளம் அல்ல, ஸ்டைபண்ட் என்கிற பயிற்சி உதவித்தொகை. பி.எஃப்., இ.எஸ்.ஐ. கிடையாது, பயிற்சிக்காலம் முடிந்ததும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. கான்ட்ராக்ட் என்றால் நீங்கள் வேலை பார்ப்பது பெரிய கம்பெனியின் லைனில், சம்பளச் சீட்டில் இருப்பது வேறொரு பெயர். இரண்டும் மோசம் என்று சொல்லவில்லை. ஆரம்பத்தில் அனுபவத்துக்காகப் போகலாம். தெரிந்து போங்கள், அவ்வளவுதான்.

கூப்பிடுபவர் கன்சல்டன்சி என்றால் எந்தக் கம்பெனிக்கு என்று கட்டாயம் கேளுங்கள். “வந்தா சொல்றோம்” என்றால் நான் கிளம்ப மாட்டேன். இன்னொன்றும் உண்டு. ஒரே கம்பெனிக்கு உங்கள் ரெஸ்யூமை இரண்டு கன்சல்டன்சிகள் அனுப்பிவிட்டால், யார் ஆள் என்ற சண்டையில் கம்பெனி உங்களையே ஒதுக்கிவைத்துவிடலாம். ஏற்கெனவே வேறு வழியாகப் போயிருந்தால் அந்த அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

பணம் என்ற பேச்சு வந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். பதிவுக் கட்டணம், யூனிஃபார்ம் அட்வான்ஸ், சேஃப்டி ஷூ டெபாசிட், மெடிக்கல் செலவு, எந்தப் பெயரில் வந்தாலும் சரி. இன்டர்வியூவுக்கு முன்னால் ஜிபேயில் பணம் கேட்கிற ஒழுங்கான தொழிற்சாலை ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. ஓ.டி.பி. கேட்க எச்.ஆருக்கு எந்த அவசியமும் இல்லை. மார்க் ஷீட் ஒரிஜினலைக் காட்டலாம், கையில் கொடுத்துவிட்டு வரக்கூடாது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அடியுங்கள். அழைப்பு வெளிநாட்டு வேலைக்கு என்றால் ஏஜென்டின் பதிவு எண்ணைக் கேட்டு மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபாருங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கு ஜி.எஸ்.டி.யும்தான். 2022-ல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று போனில் பேசிக் கூட்டிப்போய், மியான்மரில் ஆன்லைன் மோசடிக் கூடங்களில் அடைத்துவைத்தார்களே, அதில் நம் ஊர்ப் பையன்களும் இருந்தார்கள்.

பேசி முடித்ததும் “இதை வாட்ஸ்அப்ல அனுப்ப முடியுமா மேடம்?” என்று கேளுங்கள். சாயங்காலம் வரை வரவில்லையென்றால் நீங்களே அனுப்பிவிடுங்கள். கீழே பெயரும் படிப்பும் போட்டு இப்படி நான்கு வரி: “வணக்கம் மேடம். வியாழக்கிழமை காலை 10.30, ஒரகடம் யூனிட், 2-ஆம் கேட், டிரெய்னி இன்டர்வியூ. ரெஸ்யூம், மார்க் ஷீட் ஒரிஜினல் மற்றும் ஜெராக்ஸ், ஆதார், 2 போட்டோ கொண்டு வருகிறேன். தவறு இருந்தால் சொல்லவும்.” குட் மார்னிங் பூக்கொத்து படமெல்லாம் வேண்டாம். அவருடைய எண்ணைக் கம்பெனி பெயரோடு சேமித்துவையுங்கள். இன்டர்வியூவுக்கு முதல் நாள் “கன்ஃபர்மா?” என்று கேட்க ஒரு அழைப்பு வரும், அதை எடுத்தே ஆக வேண்டும். போகப்போவதில்லை என்று முடிவு செய்துவிட்டால் அந்த அழைப்பில் நேராகச் சொல்லிவிடுங்கள். ‘நாட் இன்ட்ரெஸ்டட்’ என்று போட்டவரை ஆறு மாதம் கழித்து வேறு வேலைக்கு நானே கூப்பிட்டிருக்கிறேன். ‘நோ ஷோ’ என்று போட்டவரைக் கூப்பிட்டதில்லை.

இங்கிலீஷ் பற்றிக் கேட்டீர்கள். தொழிற்சாலை வேலைக்குக் கூப்பிடுபவர் பெரும்பாலும் இரண்டு வாக்கியம் இங்கிலீஷில் ஆரம்பித்து, நீங்கள் எப்படிப் பதில் சொல்கிறீர்களோ அப்படியே தொடர்வார். “யெஸ் மேடம், திஸ் இஸ்” என்று உங்கள் பெயரைச் சொல்லிவிட்டு, “டீட்டெய்ல்ஸ் தமிழ்ல சொல்லலாமா மேடம், நோட் பண்ணிக்கிறேன்” என்று கேளுங்கள். எனக்கு நிம்மதியாகத்தான் இருக்கும், நானும் திண்டிவனத்துக்காரிதான். கஸ்டமரோடு பேசுகிற வேலை, ஐ.டி., பி.பி.ஓ. என்றால் கதை வேறு, அங்கே அந்த அழைப்பே இங்கிலீஷ் பரீட்சை. உங்களுக்கு வந்தது அது இல்லை. மணி இப்போது பதினொன்றேகால், கூப்பிட நல்ல நேரம்.